ருசிப் புள்ளியும் ஏல விலையும்: தரவரிசை இணைபுக் குணகத்தைக் கையால் கணிக்கும் முறை

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு லொட் (ஏலத்துக்கு ஒன்றாக விடும் ஒரு தொகுதி) தேயிலையை ருசி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 20க்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார்கள். பிறகு அவை கொழும்பு ஏலத்துக்குப் போகின்றன. நாக்கு நல்லது என்று சொன்ன தேயிலைக்கு ஏலத்திலும் நல்ல விலை கிடைத்ததா? இதற்கு விடை காண்பதுதான் இந்தப் பயிற்சி.

இடை (சராசரி), நியம விலகல் (எண்கள் இடையிலிருந்து சிதறும் அளவு) ஆகியவற்றை வைத்து நேராகக் கணக்குப் போட்டால் என்ன குறை? இரண்டு குறைகள் உண்டு. முதலாவது புள்ளியில் இருக்கிறது. 18 புள்ளித் தேயிலை 17 புள்ளித் தேயிலையை விட நல்லது என்பதை நம்பலாம். ஆனால் 18க்கும் 17க்கும் உள்ள தூரமும் 12க்கும் 11க்கும் உள்ள தூரமும் சமம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது குறை விலையில். ஏலத்தில் ஒரே ஒரு லொட் தாறுமாறான விலைக்குப் போனால் போதும், இடை அதன் பின்னால் ஓடிவிடும்.

பரமானமில்லாப் புள்ளிவிபரவியல் இங்கேதான் கைகொடுக்கிறது. தரவு செவ்வன் பரம்பலில் (மணி வடிவில்) அமைந்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. எண்ணின் அளவை விட்டுவிட்டு, அது வரிசையில் எத்தனையாவது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் இந்தத் தரவரிசை இணைபுக் குணகத்தை உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் வெளியிட்டார். வரிசைகள் முழுதாக ஒத்தால் அது 1, முழுதாக எதிரானால் −1.

தரவு

கீழே உள்ளவை பயிற்சிக்காக எழுதிய எண்கள். எட்டும் ஒரே கிரேட், ஒரே வார ஏலம் என்று வைத்துக்கொள்வோம். விலை, கிலோவுக்கு ரூபாவில்.

| லொட் | புள்ளி | விலை | புள்ளி நிலை | விலை நிலை | வித்தியாசம் | வர்க்கம் |
|---|---|---|---|---|---|---|
| அ | 14 | 1180 | 4.5 | 4 | 0.5 | 0.25 |
| ஆ | 11 | 1130 | 7 | 6 | 1 | 1 |
| இ | 17 | 1210 | 2 | 3 | −1 | 1 |
| ஈ | 9 | 1010 | 8 | 8 | 0 | 0 |
| உ | 15 | 1150 | 3 | 5 | −2 | 4 |
| ஊ | 12 | 1050 | 6 | 7 | −1 | 1 |
| எ | 18 | 2900 | 1 | 1 | 0 | 0 |
| ஏ | 14 | 1240 | 4.5 | 2 | 2.5 | 6.25 |

படி 1: நிலை போடுங்கள். மிகக் கூடியதற்கு 1, அடுத்ததற்கு 2. அ, ஏ இரண்டுக்கும் 14 புள்ளி. அவை பிடிக்க வேண்டிய இடங்கள் 4, 5. ஆகவே இரண்டுக்கும் நடுவான 4.5 கொடுக்க வேண்டும். அடுத்த லொட் 6இல் தொடங்கும். பிழை அதிகம் நடக்கும் இடம் இதுதான். இரண்டுக்கும் 4 போட்டுவிட்டு நகர்ந்தால் கணக்கு முழுதும் கோணிவிடும்.

இதைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நிலைகளைக் கூட்டுங்கள். எட்டு லொட்டுக்கு 8 × 9 ÷ 2 = 36 வர வேண்டும். 35 வந்தால் சமநிலையை (இரண்டு லொட்டுக்கு ஒரே புள்ளி வருவதை) பிழையாகக் கையாண்டிருக்கிறீர்கள்.

படி 2: வித்தியாசம். புள்ளி நிலையிலிருந்து விலை நிலையைக் கழியுங்கள். வித்தியாசங்களைக் கூட்டினால் 0 வர வேண்டும். ஒரு நிரலை மேலிருந்து கீழும் மற்றதைக் கீழிருந்து மேலும் வரிசைப்படுத்தினாலும் இந்த 0 வந்துவிடும், ஆனால் விடையின் குறி தலைகீழாகும். எனவே இரண்டு நிரலிலும் 1 என்றால் கூடியதுதானா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

படி 3: வர்க்கித்துக் கூட்டுங்கள். 0.25 + 1 + 1 + 4 + 1 + 6.25 = 13.5.

படி 4: சூத்திரம். வர்க்கக் கூட்டுத்தொகையை 6ஆல் பெருக்கினால் 81. லொட்டுகளின் எண்ணிக்கை 8; 8 × (64 − 1) = 504. குணகம் = 1 − 81 ÷ 504 = 0.839.

கண்டிப்பாகச் சொன்னால், சமநிலை இல்லாதபோது மட்டுமே இந்தச் சூத்திரம் மிகச் சரி. சமநிலை இருந்தால் நிலைகளின் மீது சாதாரண (பியர்சன்) இணைபுக் குணகத்தைக் கணிப்பதே முறை. இங்கே அப்படிச் செய்தால் 0.838. ஒரு சோடிதான் சமம் என்பதால் வேறுபாடு தெரியவில்லை. பாதி லொட்டுகள் ஒரே புள்ளியில் நின்றால் தெரியும். எக்செலில் ரேங்க்.ஏவிஜி (RANK.AVG) என்ற செயற்கூற்றால் நிலை போட்டு, அந்த நிரல்களுக்கு இணைபுக் குணகம் தரும் கொரெல் (CORREL) போடுங்கள். வெறும் ரேங்க் (RANK), ரேங்க்.ஈக்யூ (RANK.EQ) இரண்டும் சமமானவற்றுக்கு 4, 4 என்றே தரும், தவிருங்கள்.

அந்த 2900 ரூபா என்ன செய்கிறது?

நிலை போடாமல், புள்ளிக்கும் விலைக்கும் நேரடியாகச் சாதாரண (பியர்சன்) குணகம் கணித்தால் 0.65 வருகிறது. எ லொட்டின் விலையை 1300 ஆக்கிப் பாருங்கள்: 0.87. ஒரு விலையை மாற்றியதும் விடை இவ்வளவு ஆடுகிறது. ஸ்பியர்மன் குணகமோ அசையவில்லை, ஏனெனில் 2900 ஆனாலும் 1300 ஆனாலும் அது முதலாம் நிலைதான். விலைகளின் இடை 1358.75 ரூபா, எட்டில் ஏழு லொட் அதற்குக் கீழே இருக்கின்றன. இடையம் (வரிசையின் நடு மதிப்பு) 1165 ரூபா. ஏலத்தின் நிலவரத்தை எது சரியாகச் சொல்கிறது என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

தற்செயலாக வந்திருக்குமா?

புள்ளிக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது சூனியக் கருதுகோள். அது உண்மையானால் எந்த வரிசையும் சம வாய்ப்புடையது. எட்டு லொட்டை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் எத்தனை வரிசைகள் இவ்வளவு ஒத்துப்போகும் என்று எண்ணுவதே சோதனை. அட்டவணைப் பெறுமானங்கள் இப்படி எண்ணியே பிறந்தவை. எட்டுக்கு, 5% மட்டத்தில் (தற்செயலாக வரும் வாய்ப்பு 5%க்கு மேல் போகாமல்), ஒத்ததையும் எதிரானதையும் சேர்த்து எண்ணும் இருவாற் சோதனையில் 0.738 தேவை. நமக்கு 0.838, கருதுகோளை நிராகரிக்கலாம்.

நான்கு லொட் மட்டும் இருந்தால்? 24 வரிசைகள்தான் உண்டு. முழுதாக ஒத்ததும் முழுதாக எதிரானதும் சேர்ந்து 2 ÷ 24, அதாவது 8.3%. ஆகவே நான்கை வைத்து இருவாற் சோதனையில் 5% மட்டத்தில் எதையும் நிறுவ முடியாது. குறைந்தது பத்து லொட் திரட்டுங்கள், அப்போது தேவை 0.648க்கு இறங்கும்.

எங்கே ஏமாற்றும்

ஒன்று ஏற மற்றதும் ஏறுகிறது, அல்லது ஒன்று ஏற மற்றது இறங்குகிறது: ஸ்பியர்மனுக்குத் தெரிவது இந்தப் போக்கு மட்டுமே. மழைக்கும் கொழுந்துக்கும் உள்ள தொடர்பு அப்படியானதல்ல. வறட்சியில் கொழுந்து குறையும், நல்ல மழைக்குப் பெருகும், நாள் கணக்கில் வெயிலே காணாமல் மழை பெய்தால் மறுபடி குறையும். குணகம் 0க்குப் பக்கத்தில் வரலாம். தொடர்பு இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. முதலில் சிதறல் வரைபடம் போட்டுப் பாருங்கள்.

கலப்படத் தரவும் ஆபத்து. ஊவாவின் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை; திம்புளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டு பிரதேசத்தையும் இரண்டு பருவத்தையும் ஒரே நிரலில் போட்டால், பருவமே புள்ளியையும் விலையையும் சேர்த்து ஏற்றி இறக்கி, இல்லாத இணைபைக் காட்டும்.

பரமானமில்லா முறை என்பதற்காக எல்லா நிபந்தனையும் நீங்கிவிடாது. லொட்டுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே லொட்டை நான்கு நாள் ருசி பார்த்து நான்கு வரிகளாக எழுதினால் அது நான்கு தரவு ஆகாது. அந்த நான்கு புள்ளிகளின் இடையத்தை எடுத்து ஒரே வரியாக எழுதுங்கள்.