புள்ளியும் சாய்வும் தெரிந்தால் நேர்க்கோட்டின் சமன்பாடு: குறியில் சறுக்காமல் எழுத

கணக்கு இது: (−3, 5) வழியாகச் செல்லும் கோட்டின் சாய்வு −2. சமன்பாடு காண வேண்டும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒய் மாறிய அளவை எக்ஸ் மாறிய அளவால் வகுத்தால் சாய்வு. கோட்டில் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அது மாறாது. வகுத்தலைப் பெருக்கலாக்கினால்:

ஒய் − (புள்ளியின் ஒய்) = சாய்வு × [எக்ஸ் − (புள்ளியின் எக்ஸ்)]

படி 1. எண்களை அடைப்புக்குறியோடே போடுங்கள்.

ஒய் − (5) = −2[எக்ஸ் − (−3)]

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. சூத்திரத்தில் ஒரு மைனஸ், புள்ளியில் இன்னொரு மைனஸ். இரண்டும் சேர்ந்தால் பிளஸ். மனத்துக்குள்ளேயே முடித்துவிட்டு 'எக்ஸ் − 3' என்று எழுதினால் ஒய் = −2எக்ஸ் + 11 என்று வரும். அதில் எக்ஸுக்கு −3 போட்டால் 17 வருகிறது. நமக்கு வேண்டியது 5. ஆகவே இந்த வரியை விடாமல் எழுதுங்கள்.

படி 2. ஒய் − 5 = −2(எக்ஸ் + 3) = −2எக்ஸ் − 6. சாய்வால் 3-ஐயும் பெருக்க வேண்டும்.

படி 3. ஒய் = −2எக்ஸ் − 1.

சரிபார்த்தல். எக்ஸ் = −3 என்றால் 6 − 1 = 5. சரி. ஆனால் இது மட்டும் போதாது: சாய்வைத் தவறாக 2 என்று எழுதியிருந்தாலும் கோடு அதே புள்ளி வழியாகத்தான் போகும். புள்ளியிலிருந்து வலப்பக்கம் 1, கீழே 2 நகர்ந்து (−2, 3)-ஐயும் போட்டுப் பாருங்கள்: 4 − 1 = 3. இப்போதுதான் நம்பலாம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வரைந்தும் பார்க்கலாம். ஆனால் முதல் சில கணக்குகளுக்கு வரைபடத்தாளும் பென்சிலும்தான் நல்லது, கட்டங்களை எண்ணும்போது சாய்வு கைக்குப் பழகும்.

சாய்வு பின்னமாக இருந்தால். புள்ளி (4, −1), சாய்வு 2/3:

ஒய் + 1 = (2/3)(எக்ஸ் − 4)

விரிப்பதற்கு முன்பே இருபுறமும் 3-ஆல் பெருக்குங்கள்: 3ஒய் + 3 = 2எக்ஸ் − 8. இடப்பக்கத்து 1 பெருக்கப்படாமல் தப்பிவிடும், கவனம். விடை: 2எக்ஸ் − 3ஒய் − 11 = 0. வெட்டுத்துண்டை, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தின் ஒய் மதிப்பை, தனியாகக் கண்டுபிடிக்கும் வழியும் சரிதான். ஆனால் இங்கே அது −11/3; பின்னத்தை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதனால் புள்ளி-சாய்வு வடிவமே மேல்.

செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. அங்கே இந்த முறை செல்லாது. (4, −1) வழியாகப் போகும் செங்குத்துக் கோடு எக்ஸ் = 4. அதே புள்ளி வழியாகச் சாய்வு 0 என்றால் ஒய் = −1.