சைனீஸ் ப்ரோக்கோலி வதக்கல்: தண்ணீர் விட்டதும் நான் திருத்தியதும்

சைனீஸ் முறையில் பூண்டு, சோயா சாஸ் போட்டு ப்ரோக்கோலியும் கேரட்டும் குடைமிளகாயும் வதக்கினால், எனக்கு மட்டும் அடியில் கருப்புத் தண்ணீர், மேலே தொய்ந்துபோன காய். சாஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது என்ன செய்யும்!

கழுவிய காயை ஈரத்தோடு மொத்தமாகக் கொட்டியதுதான் தப்பு. கடாயின் சூடு சட்டென்று இறங்கி, காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடுகிறது.

இப்போது ப்ரோக்கோலியையும் கேரட்டையும் கொதிக்கும் உப்பு நீரில் 1 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, துணியில் பரப்பி ஒற்றிவிடுகிறேன். குடைமிளகாய்க்கு இது வேண்டாம். கடாய் லேசாகப் புகைந்த பிறகே எண்ணெய். பூண்டு வாசம் வந்ததும் காய், இரண்டு கைப்பிடி மட்டும். 'சொர்'ரென்ற சத்தம் விடாமல் கேட்க வேண்டும். அடங்கினால் காய் கூடிவிட்டது என்று அர்த்தம்.

சோயா சாஸ் கடைசியில்தான். 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை 2 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால், அரை நிமிடத்தில் சாஸ் பளபளவென்று காயோடு ஒட்டிக்கொள்கிறது. வெந்நீரில் கரைத்துக் கட்டி கட்டியாகத் தின்ற கதை தனி.