ஸ்பைக் அகலமாக வந்தால் வெப்பநிலையைப் பாருங்கள்

யேல் பல்கலைக்கழகத்தின் மாடல்டிபி என்ற நரம்பணு மாடல் களஞ்சியத்திலிருந்து ஒரு மூளைப்புறணி நரம்பணு மாடலை எடுத்து, நரம்பணுக்களைக் கணினியில் போலச்செய்யும் நியூரான் மென்பொருளில் பைத்தான் வழியாக ஓட்டினேன். அந்த மாடலின் மூலக் கட்டுரைப் படத்தில் ஊசி மாதிரி நிற்கும் ஸ்பைக் (நரம்பணுவின் மின்துடிப்பு), என் திரையில் அகன்று சரிந்து கிடந்தது. கம்பைல் சுத்தமாக முடிந்திருந்தது, பிழைச்செய்தியும் இல்லை. இந்த மாதிரிக் கோளாறுதான் ஆளைக் கொல்லும். கணக்கிடும் நேர இடைவெளியைக் குறைத்தும் பலனில்லை.

சோடியம் சேனல் (நரம்பணுச் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்) எப்படி இயங்கும் என்று எழுதியிருக்கும் மாட் கோப்பைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சேனலின் வேகம், 23 டிகிரியை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் 2.3 மடங்கு கூடும்படியும், இறங்கும்போது அதே அளவில் குறையும்படியும் எழுதியிருந்தார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் நியூரான் வெப்பநிலையை 6.3 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளும். 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் வெளியிட்ட கணவாய் நரம்பு மாடலின் எண் அது. இந்த மாடலுக்கோ 37 வேண்டும். கணக்குப் போட்டால் சேனல்கள் சுமார் 13 மடங்கு மந்தம்!

37 என்ற எண் இறக்கிய மாடல் பொதிக்குள்ளேயே, ஹாக் கோப்பில் (நியூரானின் சொந்த மொழியில் எழுதிய, மாடலை ஓட்டும் நிரல்) ஒரே வரியாக இருந்தது. பைத்தானில் ஓட்டுபவர்கள் மாட் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம், அந்த வரி விடுபட்டுப்போகும்.

என் நிரலில் வெப்பநிலையை 37 ஆக்கினேன். தொடக்க மின்னழுத்தத்தையும் ஹாக் கோப்பில் உள்ளபடியே மைனஸ் 70 மில்லிவோல்ட் என்று கொடுத்தேன். ஸ்பைக் ஒல்லியானது. இப்போதெல்லாம் எந்தப் பொதி இறக்கினாலும் மூல ஹாக் கோப்பை அப்படியே ஓட்டி, அந்த வரைபடத்தைச் சேமித்த பிறகுதான் பைத்தானுக்கு மாற்றுகிறேன்.