பேஸ்பால் சராசரியை அப்படியே ஒப்பிடாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிட, ஆட்டக்காரரின் பேட்டிங் சராசரியை (பேட் பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துத் தளத்தை எட்டினார் என்பது) அதே ஆண்டின் லீக் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 100-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு சதவீதம் அவர் மற்றவர்களைவிட மேல், போன் கால்குலேட்டரே போதும்.

1930-இல் பில் டெர்ரி .401, 1968-இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301. பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ஆனால் டெர்ரி ஆடிய நேஷனல் லீக்கின் சராசரியே அந்த ஆண்டு .303, யஸ்ட்ரெம்ஸ்கி ஆடிய அமெரிக்கன் லீக்கில் வெறும் .230, அதனால் வகுத்தால் 132-ம் 131-ம் வருகிறது, கிட்டத்தட்ட சமம். 1968 முழுக்கப் பந்துவீச்சாளர்களின் கை ஓங்கிய ஆண்டு, மறு ஆண்டே பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. காலத்தின் இந்த ஏற்ற இறக்கத்தை வகுத்தல் கழித்துவிடுகிறது.

முழு வாழ்நாள் கணக்கு என்றால் ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாக லீக் சராசரியை எடுத்து, அவர் எத்தனை முறை பேட் பிடித்தார் என்பதற்கேற்ப எடை கொடுங்கள்.

ஐம்பது அறுபது முறை மட்டுமே பேட் பிடித்தவருக்கு இது சரிவராது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மாதிரி, காற்று மெல்லியதாக இருந்து பந்து பறக்கும் மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டவருக்கும் ஏமாற்றும், அங்கே மைதானத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஓபிஎஸ் பிளஸ் (OPS+) என்ற பேட்டிங் அளவீட்டைப் பாருங்கள்.