வீட்டில் பூச்சித் தொல்லையா? ஸ்ப்ரேயைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கரப்பான் பூச்சி கண்ணில் பட்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு ஸ்ப்ரே வாங்கி வந்து சமையலறை முழுக்க அடிக்கிறார்கள். வெளியே நடமாடிய நாலைந்து செத்து விழும். சந்துக்குள் இருக்கும் கூட்டம் அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் பழைய கதைதான். எந்தப் பூச்சி, எங்கே ஒளிகிறது, எதைத் தின்கிறது என்று தெரியாமல் அடிக்கிற மருந்து வீண். அதோடு அந்தக் காற்றைச் சுவாசிப்பதும் நாம்தான். அதனால் இந்த விளக்கத்தில் மருந்துக்கு முன்னால் வேறு சில வேலைகள் வரும்.

படி 1: யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு சமையலறைக்குள் போங்கள். சிங்க்குக்குக் கீழே, பிரிட்ஜுக்குப் பின்னால் மோட்டார் இருக்கும் இடம், அலமாரிக் கதவின் கீல், அடுப்பு மேடையின் அடிப்புறம் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். எதுவும் அகப்படவில்லை என்றால் பசை தடவிய ஒட்டும் அட்டைகளைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். நடுத்தரையில் வைத்துப் பயனில்லை, பூச்சிகள் சுவர் ஓரமாகத்தான் நடக்கும்.

அந்த அட்டை பூச்சியைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, தகவலும் தருகிறது. எந்த அட்டையில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ, கூடு அதற்குப் பக்கத்தில். பொடிப்பொடியாக இறக்கையில்லாத குஞ்சுகள் நிறைய ஒட்டியிருந்தால், அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது என்று பொருள். பெரிய பூச்சி ஒன்றிரண்டு மட்டும் என்றால் வெளியிலிருந்து வழி தேடி வந்தவையாக இருக்கலாம்.

கரப்பானிலேயே வகை பார்க்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். இது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக இருப்பது அமெரிக்கக் கரப்பான். இதற்குச் சாக்கடைக் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும்தான் வீடு. முதல் வகைக்குச் சமையலறைக்குள் வேலை, இரண்டாவதுக்குக் குழாய் வாயில் வேலை. இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே இடத்தில் அடிப்பதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை.

படி 2: தீனி, தண்ணீர், வழி

தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். கரப்பான் தீனி இல்லாமல் பல வாரம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சிங்க்குக்கு அடியில் சொட்டும் குழாய், பிரிட்ஜுக்குக் கீழே தண்ணீர் சேரும் தட்டு, ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடக்கும் துடைப்புத் துணி, எல்லாம் அதற்குக் குடிநீர். படுக்கப் போகும் முன் சிங்க்கைத் துடைத்து உலர விடுங்கள். குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள், அவற்றின் மடிப்புகள் கரப்பானுக்கு நல்ல ஒளிவிடம்.

அப்புறம் வழி. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும், அதாவது பென்சில் நுழைகிற ஓட்டை போதும். சுவரைத் துளைத்துக் குழாயும் ஒயரும் வரும் இடங்களைச் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும். வெறும் பஞ்சோ துணியோ அடைத்தால் கடித்து எடுத்துவிடும். ஸ்டீல் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். குளியலறைச் சாக்கடை வாய்க்குச் சல்லடை மூடி போட்டாலே பெரிய கரப்பான்கள் வரவு வெகுவாகக் குறையும்.

படி 3: பூச்சிக்கு ஏற்ற வைத்தியம்

கரப்பானுக்கு ஸ்ப்ரேயைவிட ஜெல் நல்லது. காரணம் அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஜெல் என்பது தீனியில் கலந்த, மெதுவாகக் கொல்லும் மருந்து. தின்ற கரப்பான் தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். நம் கை எட்டாத இடத்துக்கு மருந்தை அதுவே சுமந்து போகிறது.

வைக்கும் முறை: தீக்குச்சித் தலை அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். கீலின் உள்பக்கம், அலமாரியின் மேல் மூலை, சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், பிரிட்ஜ் மோட்டார் பக்கம். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட முப்பது இடங்களில் புள்ளி வைப்பது மேல். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, பினாயில் போட்டுத் துடைக்கவும் கூடாது. வாடை பிடிக்காவிட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது முட்டைகள் இருக்கும். முட்டைக்குள் இருப்பது தீனி தின்னாது. அதனால் முதல் வாரம் கூட்டம் குறைந்ததும் விட்டுவிடாமல், இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதிய புள்ளிகள் வையுங்கள்.

போரிக் பவுடரும் வேலை செய்யும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாகத் தூவினால்தான். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். குழந்தைகள் கை படும் இடத்தில் தூவாதீர்கள்.

எறும்பு சாரை சாரையாக வந்தால் உடனே மருந்து அடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பார்ப்பது தீனி தேடி வந்த வேலைக்கார எறும்புகளை. ராணி புற்றுக்குள் இருக்கிறது. சாரை எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். ஓட்டை தெரிந்தால் அடையுங்கள். சாரை போட்ட தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், அந்த வாசனைத் தடம்தான் மற்ற எறும்புகளுக்கு வழிகாட்டி. தொல்லை ஓயவில்லை என்றால், எறும்புக்கென்று விற்கும் மெதுவாகக் கொல்லும் தீனி மருந்தை வையுங்கள். அதை அவை புற்றுக்குள் எடுத்துப் போகட்டும். மஞ்சள் நிறத்தில் மிகச் சிறிதாக இருக்கும் பாரோ எறும்பு வகையில் ஸ்ப்ரே அடித்தால் கூட்டம் பிரிந்து பல இடங்களில் புதுக் கூடு வைக்கும், ஒரு தொல்லை நாலாகிவிடும்.

கொசுவுக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீர் தேங்கிய இடத்தில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் பூந்தொட்டித் தட்டு, தண்ணீர்த் தொட்டி, வாளி எல்லாவற்றையும் காலி செய்துவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும்.

எலிக்குப் பொறிதான் என் முதல் தேர்வு. விஷம் தின்ற எலி எங்கோ சுவர் இடுக்கில் செத்து நாறும், அதைத் தின்கிற பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படலாம். அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைத்த பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டு தயங்கும். முதல் சில நாள் பொறியை இழுத்துக் கட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள், பிறகு கட்டுங்கள். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசியோடு கிருமியும் கிளம்பும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டுத் துடைத்தெடுங்கள்.

படி 4: கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

இதைத் தயவுசெய்து அவசரப்படாமல் படியுங்கள்.

தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை வெளியிடும். அடுத்த அறையில் தூங்குகிறவரையும் அது கொல்லும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையும் அதே அளவு ஆபத்து. வாயில் கொஞ்சம் போனாலும் ஈரலைச் சிதைக்கும், முதல் நாளில் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து பிறகு மோசமாகும்.

வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்கு ஆகாது. எந்த மருந்தையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சாக்பீஸ் போல இருக்கும் கரப்பான் கட்டியைக் குழந்தை சாக்பீஸ் என்றே நினைக்கும். அடுப்பு எரியும்போது ஸ்ப்ரே அடித்தால் தீப்பிடிக்கும். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம், மீன் தொட்டியையும் மூடி வையுங்கள். மருந்து வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவில் இருக்கும் மருந்தின் பெயர்தான் மருத்துவருக்கு முதல் துப்பு.

படி 5: எப்போது ஆளைக் கூப்பிடுவது?

கறையான் என்றால் தயங்கவே வேண்டாம். சுவரிலோ கதவு நிலையிலோ விரல் அகலத்தில் மண் கோடு ஏறியிருந்தால், நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துப் பாருங்கள். வெளிறிய, மெத்தென்ற பூச்சிகள் ஓடினாலோ, சில நாளில் உடைத்த இடம் மறுபடி பூசப்பட்டாலோ, உள்ளே கூட்டம் உயிரோடு இருக்கிறது. முழுக்கோட்டையும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், வருகிறவருக்கு அதுதான் அடையாளம். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியாக ஏறும், அவ்வளவுதான். புற்று மண்ணுக்கடியில் இருப்பதால் தரையில் வரிசையாகத் துளை போட்டு மண்ணுக்குள் மருந்தைச் செலுத்த வேண்டும். நாமாகச் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். அது விளக்கைத் தேடி ஜன்னல் வழியாக வருவது சாதாரணம். ஆனால் கதவு நிலையிலிருந்தோ தரை விரிசலிலிருந்தோ ஈசல் கிளம்பினால், கறையான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மர நாற்காலிக்குக் கீழே மணல் போன்ற உருண்டைத் துகள்கள் விழுந்தால் உலர்மரக் கறையான். மாவு போன்ற நைஸ் தூளும் ஊசித் துளைகளும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. கூப்பிடும்போதே இதைச் சொன்னால் வருகிறவருக்கு வேலை எளிது.

மூட்டைப்பூச்சி ஒரு கட்டிலோடு நிற்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். துணிகளை அதிகச் சூட்டில் டிரையரில் அரை மணி நேரம் ஓட்டுங்கள், மெத்தைத் தையலை வேக்கும் கிளீனரால் உறிஞ்சுங்கள், மெத்தைக்கு முழு ஜிப் உறை போடுங்கள். இரண்டாவது அறைக்குப் போய்விட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சாதாரண ஸ்ப்ரேக்கள் பலவற்றுக்கு அது பழகிப்போய்விட்டது. தீனி இல்லாமலும் பல மாதம் இருக்கும். அறையைப் பூட்டி வைத்துப் பட்டினி போடலாம் என்பது நடக்காது.

குளவிக் கூடு, தேனடை, ஒயரைக் கடிக்கும் எலி, ஒரு மாதம் ஒழுங்காக ஜெல் வைத்தும் குறையாத கரப்பான், எல்லாம் இதே பட்டியலில்தான். அடுக்குமாடி வீடானால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துப் பேசுங்கள், உங்கள் வீட்டில் மட்டும் மருந்து வைத்தால் குழாய்ச் சந்து வழியாக மறுபடி வரும்.

படி 6: வருகிறவரிடம் கேட்க வேண்டியது

உரிமம் இருக்கிறதா? எந்த மருந்து, அதன் பெயர் என்ன? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? மறுபடி எப்போது வந்து பார்ப்பீர்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டைப் பார்க்காமலேயே போனில் “எல்லாத்துக்கும் ஒரே மருந்து” என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். நல்லவர் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பார். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தும் முறையும் மாறலாம்.

அவர் வருவதற்கு முன் சிங்க் அடியையும் அலமாரியையும் காலி செய்து, பாத்திரங்களை மூடி வையுங்கள். வேலை முடிந்து திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், உணவு வைக்கும் மேடையை மட்டும் கழுவுங்கள். சுவர் ஓரத்தையும் மருந்து வைத்த இடுக்கையும் அவர் சொல்லும் நாள் வரை துடைக்காதீர்கள். அடுத்த சில நாள் பூச்சிகள் பகலிலேயே தள்ளாடி வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. ஒட்டும் அட்டைகளை மறுபடி அதே இடங்களில் வைத்து, இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் அந்த அட்டையையே காட்டி மறுபடி வரச் சொல்லுங்கள்.