பால்மா வரி குறைந்தது என்று கேட்டதும் வீட்டில் செய்ய வேண்டியது

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் நான் பார்மசி நடத்தத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. இரவுச் செய்தியில் பால்மாவுக்கு வரிக் குறைப்பு என்று ஒரு வரி போனால் போதும், மறுநாள் கடை திறக்கும்போதே இரண்டு மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். ஒருமுறை மண்டூரிலிருந்து ஓர் அம்மம்மா குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் படகில்) வந்திறங்கி, வெயிலோடு வெயிலாகக் கடைக்கு வந்தார். மகள் கட்டாரில் வேலை. நாலு மாதப் பேரனை இவர்தான் வளர்க்கிறார். "எவ்வளவு குறைஞ்சிருக்கு மகன்?" என்று கேட்டார். பழைய விலைதான் அம்மா என்று சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று அவருக்கு அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

செய்தியைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பால்மா என்பதை. நாங்கள் தேநீருக்குப் போடும் முழு ஆடைப் பால்மாவும் பால்மாதான், கைக்குழந்தைக்குக் கொடுப்பதும் பால்மாதான். சுங்கத்தில் இரண்டும் வேறு வேறு பொருள். முழு ஆடைப் பால்மா 0402 என்ற தலைப்பில் வரும். குழந்தைகளுக்கென்று தயாரித்துச் சில்லறைப் பெட்டியில் அடைத்து வருவது 1901.10 என்ற இலக்கத்தில் வரும். ஒன்றுக்குக் குறைத்தால் மற்றதற்கும் குறையும் என்று எண்ணக்கூடாது. கடைக்கு வந்து ஏமாந்து போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அடுத்தது எந்த வரி என்பது. சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அறவீடு, வற் எனும் பெறுமதி சேர் வரி, விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று பல பெயர் இருக்கிறது. ஒரு பொருளுக்கு இவை எல்லாமே இருக்கும் என்றில்லை. ஒன்றைக் குறைத்துவிட்டு இன்னொன்றைக் கூட்டவும் முடியும். எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்று அரசாங்க வர்த்தமானியில் இருக்கும். அந்தத் திகதிக்கு முன் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்த சரக்குக்குப் பழைய வரி கட்டியாகிவிட்டது. அது கொழும்புக் களஞ்சியத்தில் இருந்து, மட்டக்களப்பு ஏஜென்டிடம் வந்து, பிறகு என் தட்டுக்கு வரும். என் அனுபவத்தில் புது விலை அச்சடித்த பெட்டி கைக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை நான் பழைய விலைக்கு வாங்கியதைத்தான் விற்கிறேன். ஆகவே செய்தி வந்த கிழமையில் பாதை ஏறி, பஸ் ஏறி வர வேண்டாம். ஒரு போன் எடுத்துக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் சொல்வார்.

இனி, எவ்வளவு குறையும் என்ற கணக்கு. கணக்குப் புரிவதற்காக வட்டமான எண்களைப் போடுகிறேன். ஒரு 400 கிராம் பெட்டி துறைமுகத்தில் வந்திறங்கும்போது 1000 ரூபாய் என்று வையுங்கள். அதற்குப் பத்து வீதத் தீர்வை என்றால் 100 ரூபாய். அதன்மேல் இறக்குமதியாளரின் செலவு, லொறி, ஏஜென்டின் பங்கு, என் பங்கு எல்லாம் ஏறி என் கடையில் 1700 ரூபாய்க்கு நிற்கிறது. தீர்வையை முழுதாக எடுத்தாலும் அந்த 100 ரூபாயும் அதன்மேல் ஏறிய சில்லறையும்தான் போகும். 130 ரூபாய் குறைந்தால் நேர்மையான குறைவு. பத்து வீத வரி போனால் விலையில் பத்து வீதம் போகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டொலர் செய்கிற வேலையோடு ஒப்பிட்டால் வரி சின்ன விஷயம். 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாய்ப் பக்கம் போய்விட்டது. ஐந்து டொலர்ப் பெட்டி 1000 ரூபாயிலிருந்து 1800 ஆகிவிட்டது. அந்த வருடம் வரியை முழுதாக எடுத்திருந்தாலும் அந்த 800 ரூபாயை ஈடுகட்டியிருக்க முடியாது. அதனால் வரிச் செய்தி வந்தால் டொலர் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரூபாய் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வரிக் குறைப்பு, ஏற வேண்டிய விலையைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். நீங்கள் கொடுக்கும் காசு குறையாமலே போகலாம். அதற்காகக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவெடுக்க வேண்டாம்.

வரியை எடுத்தால் மட்டும் போதாது என்பதைப் பணக்கார நாட்டிலும் பார்த்தோம். அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் அபொட் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்து ஸ்டேர்ஜிஸ் தொழிற்சாலையில் செய்த குழந்தைப் பால்மாவைக் கிருமிச் சந்தேகத்தால் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அந்த நாடு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே செய்துகொண்டிருந்தது, அதுவும் நாலைந்து கம்பனிகளின் கையில். ஒரு தொழிற்சாலை நின்றதும் தட்டுகள் காலி. மே மாதத்தில் ராணுவ விமானத்தில் ஜெர்மனியிலிருந்து பால்மா கொண்டுவந்தார்கள். ஜூலையில் 17.5 வீதமாக இருந்த இறக்குமதித் தீர்வையை அந்த வருட முடிவு வரை நிறுத்தச் சட்டம் போட்டார்கள். ஆனால் வரியை மட்டும் எடுத்துப் பால்மா வந்துவிடவில்லை. வெளிநாட்டுப் பெட்டிகளை விற்க அங்குள்ள உணவு மருந்து நிர்வாகமும் விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. வருடம் முடிந்ததும் தீர்வை திரும்பி வந்தது. வரிச் சலுகைக்கு முடிவுத் திகதி இருக்கிறதா என்று நான் எப்போதும் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

சரி, இனி வீட்டுக் கணக்கு. பேனையும், பிள்ளையின் எடையைப் பதியும் கிளினிக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பால்மாவை மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 150 மில்லி லீற்றர் வேண்டும். ஐந்து கிலோ பிள்ளைக்கு 750 மில்லி. 100 மில்லிக்கு 13 கிராம் தூள் என்று பார்த்தால் நாளுக்கு 100 கிராம். அப்படியானால் 400 கிராம் பெட்டி நாலு நாள்தான். மாதத்துக்கு ஏழு, எட்டுப் பெட்டி. பெட்டிக்கு 130 ரூபாய் குறைந்தால் மாதம் 900 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். எங்கள் பக்கம் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது சின்னக் காசில்லை. ஆனால் ஏழு பெட்டியின் முழு விலையையும் பாருங்கள். பால்மாவுக்கு மாறுவதற்கு முன் இந்த எண்ணை எழுதிப் பார்க்கும் தாய்மார் மிகக் குறைவு. எழுதிப் பார்த்த சிலர் என் கடையிலிருந்தே திரும்பி, மிட்வைப் மிஸ்ஸிடம் (ஊர் மருத்துவ மாதுவிடம்) போய்ப் பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்துகொண்டார்கள். எனக்கு ஒரு பெட்டி விற்காமல் போனாலும் அதில் சந்தோஷம்தான்.

விலை குறைந்தது என்று ஒரேயடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டு கிழமைக்குப் போதுமானது இருந்தால் நல்லது. பெட்டியைத் திறந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. திறந்த திகதியைப் பேனையால் பெட்டியிலேயே எழுதுங்கள். எங்கள் ஈரக் காற்றில் தூள் சீக்கிரம் கட்டிபட்டுப் போகும். மாரியில் இன்னும் மோசம். அப்புறம், ஆறு மாதம் வந்ததும் இரண்டாம் இலக்கப் பெட்டிக்கு மாறியே ஆக வேண்டும் என்றில்லை. முதலாம் இலக்கத்தையே ஒரு வயது வரை கொடுக்கலாம், கூடவே சோறு, பருப்பு, மீன், முட்டை. ஒரு வயதுக்குப் பிறகு குழந்தைப் பால்மாவே தேவையில்லை. மூன்றாம் இலக்கத்துக்குக் கடன் படுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. கடையில் விலைக் கழிவு கேட்காதீர்கள். இதில் கழிவும் இலவசப் பொருளும் கொடுத்துப் பால்மாவை ஊக்குவிப்பதைத் தாய்ப்பால் பாதுகாப்பு விதிக்கோவை தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981 இல் கொண்டுவந்ததை இலங்கை 1983 இலேயே ஏற்றுக்கொண்டது.

இனிச் சொல்வதை எல்லாவற்றையும் விடக் கவனமாக வாசியுங்கள்.

2022 இல், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி வருவார். வயல் வேலை. நாலு நாளைக்கு ஒருமுறை வந்தவர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரத் தொடங்கினார். அந்த நேரம் எனக்குச் சரக்கு தந்த ஏஜென்ட் ஒருவர், விற்காத வேறு சாமான்களையும் எடுத்தால்தான் பால்மா தருவேன் என்று நின்றார். அந்தத் தலையிடியில் நான் இதைக் கவனித்தும் கேட்கவில்லை. மூன்றாம் தடவைதான் கேட்டேன்: "தம்பி, பிள்ளை குடிக்கிறது குறைஞ்சிட்டா?" "இல்லண்ணன், தூளைக் கொஞ்சம் குறைச்சுக் கரைக்கிறம்." கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மேலே ஏற வேண்டிய எடைக் கோடு படுத்திருந்தது. முதல் தடவையே கேட்டிருக்கலாம் என்பது இன்றும் உறுத்துகிறது. தாய்க்குப் பால் முழுதாக வற்றியிருக்கவில்லை. மிட்வைப் மிஸ் வீட்டுக்குப் போய், அடிக்கடி பிள்ளையை மார்பில் வைக்கப் பழக்கி, கிழமைக்குக் கிழமை நிறுத்துப் பார்த்து மீட்டெடுத்தார். பிள்ளை பிறகு முன்பள்ளிக்கும் போனது.

தூளைக் குறைத்தால் வயிறு தண்ணீரால் நிறையும், பிள்ளை அழாது, அதனால் போதும் என்று தோன்றும். வளர்ச்சி நின்றுவிடும். தண்ணீர் மிஞ்சினால் உடம்பில் உப்பு குறைந்து வலிப்பும் வரலாம். கூடுதலாகப் போட்டாலும் ஆபத்துத்தான். தேநீர்ப் பால்மா, டின்பால், கஞ்சித் தண்ணீர், பிளேன்டீ எதுவும் கைக்குழந்தைக்கு இதற்குப் பதிலாகாது. காசு இல்லை என்றால் அளவில் கை வைக்காமல் அன்றைக்கே மிட்வைப் மிஸ்ஸிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலோ சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரைக்கும் முறையும் காசோடு சேர்ந்த விஷயம், ஒரு வயிற்றோட்டம் வந்தால் மாதக் கணக்கே குலைந்துவிடும். தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. ஸ்டேர்ஜிஸில் பிரச்சினையான குரோனோபக்டர் என்ற கிருமி உலர்ந்த தூளிலும் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கரைக்க வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கரண்டியால் தலைதட்டிய அளவில் தூளைப் போடுங்கள். வேறு பெட்டியின் கரண்டி உதவாது. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். போத்தலை விடக் கோப்பை கழுவ இலகு. இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காததை ஊற்றிவிடுங்கள். வெள்ள நேரம் கிணற்றுத் தண்ணீரைக் கட்டாயம் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

கடைசியாக, பில்லைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அச்சடித்த விலைக்கு மேல் எவரும் விற்க முடியாது. கூடக் கேட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். கடையின் பெயர், பெட்டியில் இருக்கும் விலை, நீங்கள் கொடுத்த காசு மூன்றும் கையில் இருக்கட்டும். என் கடையில் நடந்தாலும் அப்படியே செய்யுங்கள்.