தனியாக விட்டுப் போனால் நாய்க்கு என்ன ஆகிறது? பார்த்துப் புரிந்துகொள்ளும் முறை

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சோபா பஞ்சு கூடமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. நாய் காதைப் பின்னால் மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. "செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது, முழிக்கிறதைப் பாருங்க" என்று பல வீடுகளில் அப்போதே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தொடாதே என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பு தெரியவில்லை. வளர்ப்பவர் திட்டியபோதுதான் அது அதிகம் வந்தது. அதிலும் ஒன்றும் தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் கூடுதலாக வந்தது. நம் குரலையும் நாம் நிற்கும் விதத்தையும் பார்த்துப் பயந்து அது சமாதானம் கேட்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பஞ்சைப் பிய்த்தபோது அதன் மனதில் என்ன இருந்தது? அதை வீடியோவில்தான் பார்க்க முடியும்.

படி 1: நீங்கள் இல்லாத நேரத்தைப் படம் பிடியுங்கள்

பழைய செல்போன் ஒன்று போதும். அழைப்பு வந்து பதிவு நின்றுவிடாதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாசல் கதவும் நாய் படுக்கும் இடமும் ஒன்றாகத் தெரியும்படி அலமாரி மேல் வையுங்கள். சார்ஜர் வயர் கீழே தொங்கக் கூடாது. எலும்பும் உப்பும் இல்லாமல் வேகவைத்த கோழியில் ஐந்து சின்னத் துண்டுகளைக் கதவருகே ஒரு தட்டில் வையுங்கள். இது எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறோம்.

வழக்கமாகப் போகிற நேரத்தில், வழக்கமான உடையில் கிளம்பித் தெருமுனை வரை போய்விடுங்கள். கதவுக்கு வெளியே ஒளிந்து நின்றால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும். 40 நிமிடம் பதிவாகட்டும். தனிமை தாங்காத நாய்களில் பெரும்பாலானவை முதல் அரை மணிக்குள் தவிக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஐந்து நிமிடத்திலேயே கதறினால் திரும்பி வந்துவிடுங்கள். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

படி 2: சலிப்பா, பயமா?

சலித்த நாய் முதலில் தூங்கும். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிவிட்டு ஒரு செருப்பை இழுத்து வந்து, உடம்பைத் தளர்த்திப் படுத்து, முன்கால்களுக்கு நடுவே வைத்து நிதானமாக மெல்லும். கோழித் துண்டு எப்போதோ காலியாகியிருக்கும்.

பயந்த நாய் கதவு சாத்தியதுமே ஆரம்பித்துவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்கும். மின்விசிறி ஓடினாலும் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைக்கும். தரையில் எச்சில் சொட்டியிருக்கும். நிலைப்படியையும் கதவின் ஓரத்தையும் பிராண்டும். தலையைத் தூக்கி ஊளையிடும். கோழித் துண்டை மோந்துகூடப் பார்க்காது. நீங்கள் உள்ளே வந்த மறுநிமிடம் ஐந்தையும் விழுங்கும். பசி அப்போதும் இருந்தது, பயம்தான் தொண்டையை அடைத்திருந்தது. புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

சின்ன அடையாளங்களும் உண்டு: தூக்கம் வராதபோது கொட்டாவி, எதிரே உணவு இல்லாதபோது மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிவது, நனையாமலே உடம்பை உதறுவது. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே நிமிடத்தில் மூன்று நான்கு சேர்ந்து வந்தால் கணக்கில் எடுங்கள். வால் ஆடினாலே சந்தோஷம் என்பதும் சரியல்ல. இடுப்போடு சேர்ந்து வளைந்து ஆடினால் மகிழ்ச்சி. விறைத்து மேலே நின்று நுனி மட்டும் படபடத்தால் பதற்றம்.

படி 3: கால்நடை மருத்துவர்

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது என்றால் முதலில் சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பயம் முற்றிய நாய்களுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் உண்டு. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியும் கூடவே வேண்டும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

படி 4: சாவிச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லாமல் செய்யுங்கள்

சாவிச் சத்தம் கேட்டாலே நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று நாய் பயப்படத் தொடங்கும். அதனால் சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். தினமும் ஏழெட்டு முறை. சாவி குலுங்கினாலும் நாய் தலையைத் தூக்காத நாள் வந்ததும் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: கதவுக்கு வெளியே சில நொடிகள்

முதல் நாள் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். அடுத்து கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு வெளியே 3 நொடி. நாய் பயப்படத் தொடங்கும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். இந்தப் பயிற்சியின் உயிரே அதுதான். நேரத்தை ஏணி போல ஏற்றாமல் 10, 25, 5, 40, 15 நொடி என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடப் பயிற்சி போதும். மூச்சிரைப்போ ஊளையோ வந்தால் மறுநாள் பாதி நேரத்துக்கு இறங்குங்கள். முதல் அரை மணியை எட்டத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதைத் தாண்டினால் கொஞ்சம் வேகமாக ஏறலாம்.

பயிற்சி கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: காலையில் 20 நொடி பழக்கிவிட்டு அன்றைக்கே எட்டு மணி நேரம் தனியாக விடுவது. பழகிய அத்தனையும் அன்றே கரைந்துவிடும். இந்த வாரங்களில் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். கூண்டில் அடைக்காதீர்கள். பயந்த நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பெரும்பாலும் உதவாது. உங்கள் நாய் தேடுவது உங்களை. வந்ததும் அடித்தால், நீங்கள் போவதற்குப் பயந்த நாய் நீங்கள் வருவதற்கும் பயப்படும்.

கொஞ்சினால் பயம் வளரும் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஒட்டிக்கொண்டு வந்தால் தடவிக் கொடுங்கள்.

நான்கு வாரம் கழித்து, அப்போது எட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டும், அதே இடத்தில் செல்போனை வைத்து மறுபடியும் பதிவு செய்யுங்கள். நாய் படுத்திருக்கிறதா என்பதோடு, எப்படிப் படுத்திருக்கிறது என்றும் பாருங்கள். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தபடி இருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. ஒருக்களித்துச் சாய்ந்து நான்கு காலையும் நீட்டியிருந்தால் தூங்குகிறது.